உஷார்! ஃபைபர் பாடிக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகிறீர்களா?

பணம் இன்னும் கை மாறவில்லை என்றால் பிழைத்தீர்கள். இதைப் படித்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

திட்டம் என்னவென்று தெரியும். பழைய மாருதி 800 ஒன்றை மலிவாக வாங்குவது. கூரையையும் கதவையும் அறுத்துப் போடுவது. செல்போனில் பார்த்த ஃபெராரி மாதிரியோ லம்போர்கினி மாதிரியோ ஃபைபரில் ஒரு பாடி செய்து மாட்டுவது. பழைய டி.என். 59 நம்பரையே அதில் ஒட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் மதுரை ரிங் ரோட்டில் ஒரு ரவுண்டு வருவது. இதில் மலிவாகக் கார் வாங்குவது ஒன்றுதான் சட்டப்படி செய்யக்கூடியது. மற்றது எல்லாமே வம்பு.

'எந்த பாடி அழகாக இருக்கும்' என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். ஆரம்பிக்க வேண்டிய இடம் ஆர்.சி. புத்தகம். வண்டி என்ன வகை, எத்தனை சீட், பாடி எப்படிப்பட்டது, வீல்பேஸ் எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கிறது. தயாரிப்பாளர் முதலில் குறித்துக் கொடுத்த விவரத்துக்கு மாறாக உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றமும் இதை அடித்துச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் 182ஏ என்ற பிரிவு சேர்ந்தது. அதன்படி உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்ற சொல்லை இன்னொரு முறை படியுங்கள். கூரை போனது ஒன்று, நாலு சீட் இரண்டானது ஒன்று, என்ஜின் பின்னால் போனது ஒன்று. பிரேக் இன்ஸ்பெக்டர் நோட்டை எடுத்து எண்ண ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும்?

இதைவிடப் பெரிய பொறி ஒன்று இருக்கிறது. மாருதி 800 போன்ற கார்களுக்குத் தனி சேசிஸ் கிடையாது. சேசிஸ் நம்பர் பாடியின் தகட்டிலேயே அடிக்கப்பட்டிருக்கும். அந்தத் தகட்டை அறுத்துப் புதுக் கூட்டில் பற்றவைத்தால், அது மாடிஃபிகேஷன் இல்லை. நம்பரில் கை வைத்த குற்றம். திருட்டு வண்டி விற்பவன் செய்கிற அதே வேலை. நோக்கம் நல்லது என்று ஸ்டேஷனில் உட்கார்ந்து விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான். பதினைந்து வருடம் தாண்டிய சொந்தக் காருக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு வண்டியை நேரில் கொண்டுபோய்க் காட்டாமல் முடியாது. இதுவரை யாரும் பிடிக்கவில்லை என்பவர்கள் அந்தத் தேதியையும் பார்த்து வையுங்கள். நடுவில் விபத்து ஏதும் நடந்தால், ஆர்.சி.யில் இருக்கிற வண்டியும் ரோட்டில் கிடக்கிற வண்டியும் வேறு வேறு என்று காட்டி இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரிக்க வழி இருக்கிறது. எதிரே வந்தவரின் ஆஸ்பத்திரிச் செலவு உங்கள் வீட்டுப் பத்திரத்தின் மேல் விழலாம்.

'அப்படியானால் பழைய காரே வேண்டாம், முழுக்க நானே கட்டிப் புதுசாகப் பதிவு செய்கிறேன்' என்பவருக்கும் வழி எளிதில்லை. மத்திய மோட்டார் வாகன விதி 126, தயாரிப்பாளர் தன் மாதிரி வண்டியை அங்கீகரிக்கப்பட்ட சோதனைக் கூடத்தில் கொடுத்துச் சான்று பெற வேண்டும் என்கிறது. புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரில் ஐகேட், சென்னைப் பக்கம் ஒரகடத்தில் ஒன்று. இவை கம்பெனிகளுக்கான வாசல்கள். பிரிட்டனில் வீட்டில் கட்டிய ஒற்றைக் காரைக் கொண்டுபோய்ச் சோதனைக்குக் காட்டி நம்பர் வாங்கலாம். அதற்கென்றே தனித் திட்டம் இருக்கிறது. அங்கிருந்து வருகிற வீடியோவைப் பார்த்து இங்கே வெல்டிங் மெஷின் வாங்குவதுதான் எல்லாச் சிக்கலுக்கும் ஆரம்பம். கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடுவே 1952இல் 2,000 ரூபாய் விலையில் இரண்டு பேர் போகிற பெட்ரோல் கார் ஒன்றைச் செய்து, அரசின் லைசென்ஸ் கிடைக்காமல் தயாரிப்பை நிறுத்தினார். அவருக்கே அந்தக் கதி.

ஃபைபர் பாடிக் கார் இந்தியாவுக்குப் புதிதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெங்களூரின் சிபானி, பிரிட்டிஷ் ரிலையன்ட் காரை வைத்து டால்ஃபின் விற்றது. 1990களின் கடைசியில் சான் ஸ்டார்ம் என்ற இரண்டு சீட் கார் ரெனோ என்ஜினோடு வந்தது. அதற்குப் பின் சிங்காரா ரோட்ஸ்டர், கான்டெஸாவில் ஓடிய இசுசு 1.8 லிட்டர் என்ஜினோடு வந்தது. மூன்றுமே கம்பெனிகள் செய்து விற்ற கார்கள். கொட்டகையில் ஒரு வண்டி கட்டுகிற உங்களுக்கு இவை முன்னுதாரணம் ஆகாது.

சரி, சட்டத்தை ஓரமாக வைத்துவிட்டு, ரேஸ் டிராக்கிலோ சொந்தத் தோப்பிலோ மட்டும் ஓட்டுவதற்கு என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் பாடித் தேர்வில் ஆள் சாகிற இடம் ஒன்று உண்டு. நண்டுக்கு உள்ளே எலும்பு கிடையாது, ஓடுதான் எலும்பு. மாருதி 800, அம்பாசடர், பிரீமியர் பத்மினி, கான்டெஸா எல்லாம் அந்த ஜாதிதான். மோனோகாக் என்பார்கள். கூரை, கதவுத் தூண், ஓரப்பெட்டி எல்லாம் சேர்ந்துதான் சஸ்பென்ஷனின் அடியைத் தாங்குகின்றன. கூரையை அறுத்தால் தரைத்தகடு நடுவில் தொய்கிறது. ஃபைபர் பாடி அதைத் தாங்காது. அது சட்டை மட்டும்தான். ஒரு குழியில் இறங்கி ஏறியதும் கதவு திறக்க மறுக்கும், கண்ணாடி விரியும். அதெல்லாம் எச்சரிக்கை மணி. அதையும் மீறி ஓட்டினால், இடிக்கிற அன்று ஸ்டீயரிங் உங்கள் மார்பை நோக்கி வரும். சீட் பெல்ட்டை ஃபைபரில் போல்ட் போட்டு மாட்டுகிற பட்டறையைப் பார்த்தால் அங்கே நிற்காதீர்கள். அந்த போல்ட் முதல் இழுப்பிலேயே துண்டோடு பிய்ந்து வரும். பெல்ட்டின் முனை இரும்புச் சட்டத்தில்தான் இருக்க வேண்டும்.

ஆகவே கூடு எதுவானாலும் அதற்கு அடியில் சுயமாக நிற்கிற சட்டம் வேண்டும். ஜீப், ஜிப்ஸியில் இருக்கிற மாதிரி ஏணிச் சட்டமாக இருக்கலாம். அல்லது 1957இல் வந்த லோட்டஸ் செவன் போல, குழாய்களை முக்கோணம் முக்கோணமாகப் பற்றவைத்த கூண்டுச் சட்டமாக இருக்கலாம். உலகம் முழுக்க வீட்டில் கார் கட்டுகிறவர்கள் அதிகம் காப்பியடித்த வடிவம் அந்த செவன்தான். காரணம் அழகில்லை. அதன் பாடியில் பெரும்பகுதி தட்டைத் தகடு. மடக்கத் தெரிந்த டிங்கர் இருந்தால் போதும். மூக்குக்கும் மட்கார்டுக்கும் மட்டும் ஃபைபர். முன் கண்ணாடியும் தட்டை என்பதால் லேமினேட்டட் கண்ணாடியை வெட்டி வாங்கிவிடலாம். வளைந்த கண்ணாடி உள்ள ஃபெராரி நகலில் அது உடைந்த அன்று என்ன செய்வீர்கள்? அக்ரிலிக் ஷீட்டை வளைத்து ஒட்டுகிறார்கள். அது கீறல் விழுந்து, எதிர் வெளிச்சத்தில் பால் போலாகிவிடும்.

ஃபெராரி நகல் ஆசைக்காரர்களுக்கு இன்னொரு சேதி. அந்த வடிவத்துக்கு என்ஜின் பின்னால் போக வேண்டும். ரேடியேட்டரை முன்னால் வைத்து, காரின் நீளத்துக்குத் தண்ணீர்க் குழாய் ஓட வேண்டும். அதில் காற்று சிக்கினால் சித்திரை வெயிலில் ஹெட் கேஸ்கெட் போகிற வரைக்கும் உங்களுக்குத் தெரியாது. முன்சக்கர டிரைவ் காரின் என்ஜினை அப்படியே தூக்கிப் பின்னால் வைத்தால், ஸ்டீயரிங் திருப்பிய முன் நக்கிள்களும் கூடவே போகும். அவற்றை இரும்புத் தடி போட்டு அசையாமல் பூட்டாவிட்டால் பின்சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். நகல் எடுத்ததற்கே கேஸ் வரும் என்பதும் சும்மா பயமுறுத்தல் இல்லை. அமெரிக்காவில் டேடோனா, டெஸ்டரோஸா வடிவத்தில் ஃபைபர் பாடி விற்றவர் மேல் ஃபெராரி வழக்குப் போட்டு 1991இல் ஜெயித்தது.

இனி நம் ரோடு. இந்திய ரோடு காங்கிரஸ் விதிப்படி வேகத்தடையின் உயரம் 10 சென்டிமீட்டர். உசிலம்பட்டி, வாடிப்பட்டி, மேலூர் பக்கம் ஊர்க்காரர்கள் போட்டுக்கொண்ட வேகத்தடை பலவும் அந்த அளவை மதிப்பதில்லை. முன்சக்கரத்துக்கு முன்னால் மூக்கு நீண்ட டிசைனாக இருந்தால், சக்கரம் ஏறும் முன் மூக்கு போய் மோதும். உடைந்த ஃபைபரை ஒட்டலாம்; மாதம் ஒரு முறை ஒட்ட முடியாது. அடியில் மூடித் தகடு இல்லாத டிசைனுக்கு வேறு ஆபத்து. அறுவடை நாளில் கொள்ளுச் செடியையும் உளுந்துச் செடியையும் தார் ரோட்டில் பரப்பி, வண்டி ஏறட்டும் என்று விடுகிறார்கள். அந்தச் சருகு ஆக்ஸிலில் சுற்றிக்கொண்டு, சுடுகிற சைலன்ஸரைத் தொட்டால் தீப்பிடிக்கும். இரும்பு பாடியே அதில் எரிகிறது; பாலியெஸ்டர் ஃபைபர் கரும்புகை கக்கிக்கொண்டு எரியும். அதில் பெட்ரோல் டேங்க்கை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை, நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். நெஞ்சு உயரம்கூட இல்லாத காரில் எம்-சாண்ட் லாரிக்குப் பக்கத்தில் போனால் லாரி டிரைவர் கண்ணில் நீங்கள் படவே மாட்டீர்கள். மழை நாளில் கர்டர் பாலத்தடியில் தண்ணீர் நிற்கும்போது அந்தப் பக்கமே தலை வைக்க முடியாது.

பாடியை நாமே வார்த்துவிடலாம் என்பவர்கள் இந்தப் பகுதியை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள். ரெசினில் இருக்கிற ஸ்டைரீன், பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி விட சுமார் 31 டிகிரி செல்சியஸ் போதும். மதுரையில் அந்தச் சூடு இல்லாத மத்தியானம் வருடத்தில் எத்தனை? அதே கொட்டகையில் பக்கத்தில் ஒருவர் கிரைண்டர் பிடித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதை சிவகாசிக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிற நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ரெசினை இறுக வைக்கிற கேட்டலிஸ்ட்டையும் கோபால்ட் ஆக்ஸிலரேட்டரையும் ஒருபோதும் நேராக ஒன்றோடொன்று கலக்காதீர்கள், வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கி முடித்து, அதன் பிறகுதான் கேட்டலிஸ்ட். கண்ணில் ஒரு துளி தெறித்தால் பார்வை போகலாம். கண்ணாடி, கையுறை, முகமூடி இல்லாமல் வேலை செய்கிற பட்டறையில் உங்கள் பிள்ளையை நிற்கவிடாதீர்கள். வெயிலில் ரெசின் சீக்கிரம் இறுகிவிடுகிறதே என்று அவசரப்பட்டு மோல்டிலிருந்து முன்கூட்டியே எடுத்தால், கறுப்புப் பெயின்ட் அடித்த பானட் மே மாதத்தில் நெளியும். எவ்வளவு பட்டி பார்த்தாலும் அந்த நெளிவு போகாது.

ஐம்பது வருடம் தாண்டிய அம்பாசடரோ ஃபியட்டோ கையில் இருந்தால் அதைத் தொடவே தொடாதீர்கள். 2021இல் வந்த விதிப்படி அது வின்டேஜ் வண்டியாகப் பதிவாகலாம். ஆனால் பாடி, சேசிஸ், என்ஜின் மூன்றும் பெரிய மாற்றமில்லாமல் இருக்க வேண்டும். அறுத்துவிட்டால் அந்தத் தகுதியும் போச்சு, காரும் போச்சு.

ஆசையை விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கார் கட்டுகிற கலைக்குத் தமிழ்நாட்டிலும் வேர் உண்டு. கோயம்புத்தூரில் கரிவரதன் மாருதி என்ஜினை வைத்து ஒற்றை சீட் ரேஸ் கார்களைக் கட்டினார். அவர் பெயரில் செட்டிபாளையத்தில் இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வே 2.1 கிலோமீட்டர் டிராக். இருங்காட்டுக்கோட்டையில் இன்னொன்று. டிராக்குக்கான காருக்கு ஆர்.சி. வேண்டாம், லாரியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கி, அங்கே கேட்கிற பாதுகாப்புச் சோதனையை முடித்து ஓட்டலாம். ரோல் கேஜ், தீயணைப்பான், ஐந்து முனை பெல்ட் இருக்கிற செவன் வகைக் கார்தான் அதற்குச் சரி. ஃபெராரி முகமூடி அங்கே சிரிப்புக்குத்தான் ஆகும். கல்லூரியில் படிக்கிற தம்பிகளுக்கு சுப்ரா, ஃபார்முலா பாரத் என்று ரேஸ் கார் கட்டுகிற போட்டிகள் இருக்கின்றன. வெல்டிங் தப்பாக இருந்தால் அங்கே நடுவர்கள் சொல்லிக் கொடுத்துத் திருப்பி அனுப்புவார்கள். ரோட்டில் அந்தச் சலுகை கிடையாது.

இவ்வளவுக்குப் பிறகும் ரோட்டில்தான் ஓட்டுவேன் என்கிறீர்களா? ஆர்.சி. நகலையும், மனதில் இருக்கிற பாடியின் படத்தையும் எடுத்துக்கொண்டு உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போங்கள். மனுவாக எழுதிக் கொடுத்து, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். 'அதெல்லாம் பாத்துக்கலாம்ணே, நமக்கு ஆள் இருக்கு' என்று பட்டறையில் சொல்வதை நம்பி ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பிடிபடும்போது ஆர்.சி.யில் இருப்பது அவர் பெயர் இல்லை, உங்கள் பெயர்.