ஸ்கோப்பை உடைக்கும் இரட்டை உதை

ஏர் ரைஃபிள் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது திருவிழாக் கடையின் பலூன் பலகைதான். அதே ஸ்பிரிங் துப்பாக்கி விலை உயர்ந்த ஸ்கோப்பையே உடைத்துவிடும் என்றால் நம்புவீர்களா?

எங்கள் திருவொற்றியூர்த் தெருவில் ஓர் அண்ணன் ஓவர்டைம் பணத்தைச் சேர்த்து ஸ்கோப் வாங்கினார். சில நூறு குண்டு சுடுவதற்குள் உள்ளேயிருந்த குறுக்குக்கோடு சாய்ந்துவிட்டது. "இதுல உதையே தெரியல, அப்புறம் எப்படிப்பா போச்சு?" என்று என்னைக் கேட்டார். டிப்ளமோ படிக்கிற பையனாச்சே! காரணத்தைத் தேடினேன்.

ஸ்பிரிங் ரைஃபிளில் வெடிமருந்து கிடையாது. ட்ரிகரை இழுத்ததும் அழுந்தியிருந்த ஸ்பிரிங் விரிந்து பிஸ்டனை முன்னே தள்ளுகிறது. பிஸ்டன் அழுத்திய காற்று ஈயக் குண்டைத் தள்ளுகிறது. பிஸ்டன் முன்னே பாயும்போது நியூட்டனின் மூன்றாம் விதிப்படி துப்பாக்கி பின்னே நகர்கிறது. இது முதல் உதை. சிலிண்டர் முனையில் பிஸ்டன் சட்டென்று நிற்கும்போது துப்பாக்கி முன்னே இழுபடுகிறது. இது இரண்டாம் உதை. இரண்டும் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். தோளுக்குத் தெரியாது, லென்சுக்குத் தெரியும்!

வெடிமருந்து ரைஃபிள் பின்பக்கம்தான் உதைக்கும். அதற்கான ஸ்கோப்பின் உள்பாகங்களும் அந்த ஒரு திசையைத் தாங்கவே அமைக்கப்பட்டவை. துறைமுகத்தில் லேஷிங் வேலை செய்யும் என் அப்பாவிடம் இதைச் சொன்னேன். பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காதவர் அவர். "ஒரு பக்கம் மட்டும் கட்டுன சரக்கு, லாரி முன்ன பின்ன ஆடுனா நிக்குமாடா?" என்றார். விஷயம் அவ்வளவுதான் நண்பர்களே!

ஆகவே வாங்கும்போது பார்க்க வேண்டியவை:

1. 'ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கு ஏற்றது' என்று தயாரிப்பாளரே எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். கடைக்காரர் வாய்வார்த்தை போதாது.

2. சாதாரண ஸ்கோப்புகள் பெரும்பாலும் 100 கஜத்துக்குச் சரிசெய்யப்பட்டவை. நாம் சுடுவதோ 10 மீட்டரில். கண் சற்று நகர்ந்தாலும் குறி நகரும். 10 கஜம் வரை ஃபோகஸ் திருப்பக்கூடியதாக வாங்குங்கள்.

3. 3-9x40 என்றால் 3 முதல் 9 மடங்கு பெருக்கம், முன்லென்ஸ் 40 மி.மீ. பெருக்கம் கூடினால் உறுதியும் கூடும் என்று நினைக்காதீர்கள்.

4. முன்னே இழுபடும் துப்பாக்கியில் ஸ்கோப் பின்னால் வழுகும். ஸ்டாப் பின் உள்ள ஒரே துண்டு மவுண்ட் அதைத் தடுக்கும்.

5. ராயபுரம், எண்ணூர் உப்புக்காற்று சைக்கிள் செயினையே தின்றுவிடும். நைட்ரஜன் நிரப்பி ஓ-ரிங் போட்டு அடைத்த ஸ்கோப்பில் உள்ளே பனி படியாது.

இன்னொன்று. ஒலிம்பிக் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதியே இல்லை. 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும் அப்படித்தான். போட்டிக்குப் போக விரும்புகிறவர் ஸ்கோப்புக்குச் செலவழிக்க வேண்டாம்.

2016 ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. குழலையோ 20 ஜூல் ஆற்றலையோ தாண்டிய ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவை. எண்ணூர்க் கழிமுகத்துப் பறவைகளைக் குறிவைப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அட்டைக் குறியே நமக்குப் போதும்.

காசு நம் வீட்டாரின் வியர்வை. எந்தப் பொருளானாலும் எந்தத் திசையில் விசை வரும் என்று யோசித்து வாங்குவோம். படித்த படிப்புக்கு அதுவே பெருமை!

– இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல்