உவரின் மேல் மிதக்கும் நன்னீர்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலையில்லை. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறும் இல்லை. சுற்றிலும் கடலும் கடனீரேரியுமே உள்ளன. அவ்வாறிருந்தும் இம்மண்ணிலே வெங்காயமும் புகையிலையும் வாழையும் செழிக்கின்றனவே, அஃது எங்ஙனம்? விடை நம் காலடியிலுள்ள சுண்ணக்கல்லில் இருக்கின்றது.

ஐப்பசி முதல் மார்கழி வரை பொழியும் மாரிமழை இக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் ஊறி இறங்குகின்றது. ஆழத்திலோ கடல்நீர் புகுந்து நிற்கின்றது. நன்னீர் உவர்நீரிலும் இலேசானது. ஆதலின் அது நடுவிற் பருத்தும் ஓரங்களில் மெலிந்தும், ஒரு வில்லையைப் போல உவர்நீரின்மேல் மிதக்கின்றது. நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தே உவர்நீரும் இருப்பது இதனாலேயே. கீரிமலையிலோ, அந்நன்னீர் கடலருகே ஊற்றாய்ச் சுரந்து கடலொடு சேர்வதைக் கண்ணாற் காணலாம்.

இம்மிதப்புக்கு ஒரு கணக்குண்டு. ஒல்லாந்தரான கைபனும், 1901இல் ஜேர்மானியரான ஹேர்ஸ்பேர்க்கும் அதனைத் தனித்தனியே வகுத்துரைத்தனர். கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நன்னீர் நிற்குமாயின், அம்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் நிற்கும். இதன் மறுபக்கமே அச்சந் தருவது. மேல்மட்டம் 1 மீற்றர் தாழ்ந்து அவ்வாறே நிலைக்குமாயின், காலப்போக்கில் உவர்நீர் 40 மீற்றர் வரை மேலெழ இடமுண்டு. துலா மிதித்து நீரிறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. 1950களின் பின் பரவிய இறைப்பு இயந்திரத்துக்குக் களைப்பென்பது இல்லை.

இரண்டாவது கேடு மேலிருந்து வருகின்றது. மணலைப் போலச் சுண்ணக்கல் நீரை வடிகட்டித் தருவதில்லை. தோட்டத்துக்கு அளவின்றி இடும் யூரியாவும், கிணற்றருகே வெட்டிய மலக்குழியின் கசிவும் நைத்திரேற்றாக மாறி நிலத்தடி நீரை அடைகின்றன. குடிநீரின் 1 லீற்றரில் 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாதென உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. குடாநாட்டின் தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் இவ்வெல்லை மீறப்பட்டுள்ளமையை ஆய்வுகள் காட்டியுள்ளன. அத்தகைய நீரிற் பால்மாக் கரைத்து ஊட்டப்படும் பச்சிளங் குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் வலுவை இழக்கின்றது. உடல் நீலம் பாய்கின்றது. நீரைக் கொதிக்க வைத்தலால் கிருமி சாகுமேயன்றி நைத்திரேற்று நீங்காது என்பதைத் தாய்மார் அறிந்திருத்தல் வேண்டும்.

சுன்னாகத்தில் நிகழ்ந்ததும் நினைவிற் கொள்ளத்தக்கது. அங்கே கிணற்று நீரில் எண்ணெய் கலந்தமை பற்றிய வழக்கில், மின்னுற்பத்தி நிறுவனமொன்று 2 கோடி ரூபா இழப்பீடு வழங்க வேண்டுமென உயர் நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. ஓரிடத்தில் நிலத்துக்குள் இறங்கிய கழிவு அயலவர் கிணற்றையும் எட்டும்.

கிணற்றோடு இக்கேடு முடிவதுமில்லை. கல்லினூடே கசியும் நன்னீர் ஈற்றிற் கடனீரேரியையும் கடலையுமே சேர்கின்றது. அதனொடு செல்லும் உரம் அங்கே அல்காக்களைப் பெருகச் செய்யும். அவை செறிந்தால் ஆழமற்ற நீரிலுள்ள கடற்புல்லுக்கு ஒளி குன்றும். இறாற்குஞ்சும் மீன்குஞ்சும் ஒதுங்கி வளரும் தொட்டில் அக்கடற்புல்லும் கண்டற் காடுமேயாம். எனவே தோட்டத்தில் மிகையாய் வீசிய ஒரு பிடி உரம், கமக்காரனின் கிணற்றையும் கடற்றொழிலாளியின் வலையையும் ஒருங்கே தாக்குகின்றது.

பரிகாரம் நம் கைக்கு எட்டாததன்று. குளங்களையும் கேணிகளையும் தூர்வாரி, குப்பை கொட்டாது காத்தால் மழைநீர் நிலத்தில் இறங்கும். மலக்குழியைக் கிணற்றுக்குத் தொலைவில், கசியாதவாறு கட்டலாம். உரத்தைப் பயிரின் தேவைக்கேற்ப அளந்திடலாம். கிணற்று நீரைக் காலந்தோறும் பரிசோதிப்பிக்கலாம். மாரி தந்ததை அளவறிந்து எடுப்போமாயின், உவர் தன் எல்லையில் நிற்கும். நம் பிள்ளைகளும் இக்கிணறுகளில் நன்னீரே அள்ளுவர்.