வழியில் நின்ற வண்டி

மோட்டாரில் நெடும் பிரயாணம் கிளம்பும் குடும்பத்தை விடியற்காலையில் எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து பார்ப்பது ரஸமான காட்சி. பெட்டிகள் வருகின்றன, பைகள் வருகின்றன, தலையணைகள் வருகின்றன, முறுக்கு டப்பா வருகிறது, "அடடா, மறந்தே போனேனே!" என்ற கூக்குரலுடன் கடைசியாக ஒரு குடையும் வருகிறது. இவ்வளவும் போய்ச் சேரும் ஊரில் உபயோகப்படுகிற ஸாமான்கள். நடுவழியில் வண்டி நின்று போனால் உதவக்கூடியது இவற்றில் ஏதாவது உண்டா என்று யாரும் யோசிப்பதில்லை. நானும் யோசித்தவன் அல்லன், சென்ற ஆண்டு தை மாதத்தில் ஒரு மாலைப் பொழுது வரையில்.

அன்று நாங்கள் அமிர்திக்குப் போயிருந்தோம். வேலூரிலிருந்து சுமார் 25 கிலோ மீட்டர் தூரத்தில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் உள்ள வனப் பிரதேசம் அது. 1967-ஆம் ஆண்டில் அமைந்த சிறிய விலங்குக் காட்சிசாலை ஒன்று அங்கே இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த வருஷத்தில் காட்டுக்குள் அருவியும் விழும். சென்னையிலிருந்து வேலூர் வரையில் ஏறக்குறைய 140 கிலோ மீட்டர், ராஜபாட்டை. கணியம்பாடிக்குப் பிறகு பாதை குறுகி, வயலும் மரமும் வண்டிக்கு இரு புறமும் நெருங்கி வருகின்றன. குழந்தைகளுக்கு மான் பார்த்து ஆயிற்று. மயில் பார்த்து ஆயிற்று. முறுக்கு டப்பாவைக் குரங்கு ஒன்று பார்த்து, மூடியைத் திறக்கும் வித்தையை எங்களைவிட நன்றாக அறிந்திருந்தபடியால், டப்பாவுடன் மரத்தில் ஏறிவிட்டது. எல்லாரும் சிரித்தோம். அந்த முறுக்கின் அருமை பிற்பாடுதான் தெரிந்தது.

மாலை ஐந்தரை மணிக்குத் திரும்பினோம். என் தாயாருக்கு எழுபத்திரண்டு வயது, நீரிழிவு உண்டு. ஆறரைக்கு வேலூரில் சாப்பாடு என்ற கணக்கில், சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய மாத்திரையை வண்டியில் ஏறும்போதே போட்டுக் கொண்டார். மூன்று கிலோ மீட்டர் வந்திருப்போம். பின் சக்கரம் ஒன்று 'டப்' என்றது. இறங்கிப் பார்த்தால், டயரின் பக்கவாட்டில் கூரான கல் ஒன்று விரல் நீளத்துக்குக் கிழித்திருந்தது.

"இதற்கென்ன, ஸ்டெப்னிதான் இருக்கிறதே!" என்று நான் தைரியமாகச் சொன்னேன்.

ஸ்டெப்னி இருந்தது. ஒன்பது மூட்டைகளுக்கு அடியில் இருந்தது. எல்லாவற்றையும் சாலையோரத்தில் இறக்கி வைத்துவிட்டு அதை வெளியே எடுத்தேன். கையால் அமுக்கினால் அமுங்கிற்று! வண்டி வாங்கிய நாளிலிருந்து அதற்குக் காற்று அடிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ஸ்டெப்னி என்ற சொல்லை நாம் தமிழ்ச் சொல்லாகவே ஆக்கிக்கொண்டு விட்டோம். உண்மையில் அது ஒரு தெருவின் பெயர். வேல்ஸ் தேசத்து லனெத்லி என்ற ஊரில், ஸ்டெப்னி தெருவில் கடை வைத்திருந்த டேவீஸ் சகோதரர்கள் 1904-இல் மாற்றுச் சக்கரம் ஒன்றைச் செய்து விற்றார்கள். அதற்கு முன் டயர் வெடித்தால் சாலையோரத்தில் உட்கார்ந்து அங்கேயே ஒட்டித் தீர வேண்டும். இங்கிலாந்திலே அந்தப் பெயர் மறைந்து நெடுங்காலமாயிற்று. இந்தியாவில் ஒவ்வொரு பஞ்சர் கடையிலும் இன்னும் வாழ்கிறது. இப்பொழுது அந்தச் சக்கரத்துக்கே ஆபத்து வந்திருக்கிறது. டயரின் காற்றழுத்தத்தைக் காட்டும் கருவியும், டியூப் இல்லாத டயரை அடைக்கும் ஸாமான்களும் இருந்தால் சிறிய கார்களுக்கு மாற்றுச் சக்கரம் வேண்டியதில்லை என்று 2020-இல் மத்திய அரசாங்கம் விதியைத் திருத்திற்று. ஆணி குத்திய துளைக்கு இந்த ஏற்பாடு போதும். பக்கவாட்டில் கிழிந்த டயருக்கு எந்த ரப்பர்த் திரியும் உதவாது. புது வண்டி வாங்குகிறவர்கள் பின் கதவைத் திறந்து, உள்ளே சக்கரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

இருட்டிக் கொண்டு வந்தது. அந்த வளைவில் கைப்பேசிக்குச் சிக்னல் இல்லை. இருந்த ஒரே வெளிச்சமும் அந்தக் கைப்பேசிதான்; பகலெல்லாம் குழந்தைகள் மானைப் படம் பிடித்ததில் அதன் மின்சாரமும் கரைந்திருந்தது. அப்பொழுது என் மனைவி, "அம்மாவைப் பாருங்கள்" என்றாள். தாயாரின் நெற்றி வேர்த்திருந்தது, கை நடுங்கிற்று. கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் சொன்னார். மாத்திரை வேலை செய்கிறது, சாப்பாடு வரவில்லை, இரத்தத்தில் சர்க்கரை இறங்குகிறது என்று புரிந்துவிட்டது. குளுகோஸ் பொட்டலம் நிச்சயமாகக் கொண்டு வந்திருந்தோம். எந்த மூட்டையில்? இருட்டில் ஒன்பது மூட்டைகளையும் தடவினோம். துணி, துணி, மறுபடியும் துணி!

என் மகன் மெதுவாகத் தன் கால்சட்டைப் பையிலிருந்து ஐந்து ஆரஞ்சு மிட்டாய்களை எடுத்து நீட்டினான். வாங்கக்கூடாது என்று நான் சொன்ன பிறகு வாங்கியவை அவை. ஒவ்வொன்றாகப் பாட்டிக்குக் கொடுத்து மென்று தின்னச் செய்தோம். கால் மணி நேரம் போயிற்று. அதைப் போல் நீண்ட கால் மணியை நான் அறியேன். "ஏண்டா, எல்லா மூட்டையையும் நடுரோட்டில் பரப்பி வைத்திருக்கிறாய்?" என்று தாயார் கேட்ட பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

பால் கேனுடன் மோட்டார் சைக்கிளில் வந்த இளைஞர் ஒருவர் நின்றார். "அம்மாவைக் கீழே இறக்காதீங்க சார், உள்ளேயே இருக்கட்டும்" என்று சொல்லி, ஸ்டெப்னியைத் தம் வண்டியில் கட்டிக்கொண்டு போய்க் காற்று அடித்துக் கொண்டுவந்தார். ஜாக்கியை வைத்ததும் அது மண்ணில் புதைந்தது. அவரே ஒரு தட்டைக் கல்லைத் தேடி எடுத்து வந்து அடியில் கொடுத்தார். பணம் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. "காத்துக்கு மட்டும் பத்து ரூபா குடுங்க" என்றார்.

அன்று முதல் எங்கள் வண்டியில் ஸாமான் ஏற்றும் முறை தலைகீழாக மாறியது. முதலில் மருந்துப் பை. அது பின்பெட்டிக்குப் போவதே இல்லை. முன் ஸீட்டின் அறையில் இருக்கிறது. அதில் சர்க்கரைப் பொட்டலங்கள் இருக்கின்றன. மயக்கம் வருவதுபோல் இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரை, அதாவது சுமார் 15 கிராம் கொடுத்து, 15 நிமிஷம் பார்த்து, குணம் தெரியாவிட்டால் மறுபடியும் கொடுப்பது முறை என்று வைத்தியர் சொன்னார். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது; 108-ஐ அழைக்க வேண்டியதுதான். இன்ஸுலின் போட்டுக்கொள்கிறவர்கள் அதை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுவிட்டு இறங்கலாகாது. சூடு அதன் சக்தியைக் கெடுத்துவிடும். காடு, மலை என்று போகிறவர்கள் ஒன்று மனத்தில் கொள்ள வேண்டும். பாம்பு கடித்தால் கீறுவதும், கயிறு கட்டுவதும், உறிஞ்சுவதும் தவறு. கடிபட்ட அங்கத்தை அசையாமல் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வேலூர்ப் பக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரிகளுக்குக் குறைவில்லை.

அடுத்தது சக்கர விவகாரம். ஸ்டெப்னிக்கும் மாதம் ஒரு முறை காற்றுப் பார்க்கிறேன். எவ்வளவு காற்று என்பது ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ஒட்டிய சீட்டில் அச்சிட்டிருக்கிறது; டயர் ஆறியிருக்கும்போது பார்த்தால்தான் கணக்குச் சரியாக வரும். வண்டியின் மின்சாரத்தில் ஓடும் சிறு காற்றுப் பம்பு ஒன்றும் வாங்கினேன். அன்று அது இருந்திருந்தால் பால்காரரின் உபகாரம் தேவைப்பட்டிராது. தலையில் மாட்டிக்கொள்ளும் விளக்கு இரண்டு கைகளையும் வேலைக்கு விடுகிறது. வண்டியுடன் வந்த சிவப்பு முக்கோணத்தை உறையிலிருந்து பிரித்து, ஒருமுறை வீட்டு வாசலில் நிறுத்தியும் பார்த்தாயிற்று. சக்கரம் மாற்றுவதையும் அப்படியே, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வாசலிலேயே செய்து பழகினோம். நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே இளக்க வேண்டும். தூக்கிய பிறகு முயன்றால் சக்கரம் சுற்றுமே தவிர நட்டு அசையாது. எதிர்ப்புறச் சக்கரத்துக்குக் கல் அடை கொடுக்க வேண்டும். திரும்ப முடுக்கும்போது வரிசையாக முடுக்காமல் எதிரெதிராக முடுக்க வேண்டும். என் மனைவி இதை என்னைவிட விரைவாகச் செய்கிறாள். இதை எழுதும்படி அவளே சொன்னாள்.

வாகனம் ஓட்டும் விஷயத்தில் ஸ்திரீகளுக்கு இது புதிதும் அன்று. உலகத்தில் முதன்முதலாக மோட்டாரில் நெடும் பிரயாணம் செய்தவர் ஒரு பெண்மணிதான். 1888 ஆகஸ்டில், ஜெர்மனியில், பெர்த்தா பென்ஸ் என்ற அம்மையார், கணவர் கார்ல் பென்ஸ் செய்த மூன்று சக்கர வண்டியை அவரிடம் சொல்லாமலே எடுத்துக்கொண்டு, இரண்டு பிள்ளைகளுடன் மான்ஹைம் நகரத்திலிருந்து 100 கிலோ மீட்டருக்கு மேல் ஓட்டிக்கொண்டு, ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய் வீட்டுக்குப் போனார். பெட்ரோல் கடை என்று ஒன்று உலகத்தில் இல்லாத காலம். வழியில் மருந்துக் கடையில் எரிபொருள் வாங்கினார். எண்ணெய்க் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திவிட்டார். மின்கம்பி தேய்ந்தபோது காலுறை கட்டும் பட்டையைச் சுற்றினார். இயந்திரத்தைக் குளிரச் செய்யக் கண்ட இடத்திலெல்லாம் தண்ணீர் ஊற்றினார். இறக்கத்தில் மரப் பிரேக் தேய்ந்து போகவே, ஒரு சக்கிலியர் கடையில் நிறுத்தி, கட்டைகளின் மேல் தோல் வைத்து ஆணி அடிக்கச் செய்தார். பிரேக்குக்குத் தோல் போர்த்த கதை அப்படித் தொடங்கியது.

தோல் என்றதும் ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் ஞாபகத்துக்கு வருகின்றன. சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவே அந்தச் சாலையில் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய முக்கியமான ஸாமான் ஒன்று உண்டு. அது தண்ணீர். ஒரு காலத்தில் இந்தப் பிரதேசத்தில் ஆவாரம் பட்டையையும் கடுக்காயையும் கொண்டு தோல் பதனிட்டார்கள். பிற்காலத்தில் குரோமிய உப்பு வந்தது, கழிவு பாலாற்றுப் படுகையில் இறங்கிற்று, கிணறுகள் கெட்டன. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28-இல், கெடுத்தவனே ஈடு செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பைச் சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். ஆனால் 2025 ஜனவரியிலும் அதே விவகாரத்தில் நீதிமன்றம் மறுபடி உத்தரவிட நேர்ந்ததென்றால், கிணற்று நீரின் நிலையை நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம். வழிப்போக்கர்கள் ஒரு வேளைக்குத் தண்ணீர் சுமந்தால் போதும். அங்கேயே வாழ்கிறவர்கள் நாள்தோறும் சுமக்கிறார்கள். ஆகையால் தலைக்கு மூன்று லிட்டர் என்று எவர்ஸில்வர் கூஜாக்களிலும், பெரிய மூடிபோட்ட கேனிலும் வீட்டிலிருந்தே எடுத்துப் போகிறோம். அந்தக் காலத்தில் கார்களின் முன்புறத்தில் கித்தான் பை தொங்கும். கசிந்த நீர் காற்றில் ஆவியாக, உள்ளிருந்த நீர் குளிர்ந்துவிடும். அதைப் போன்ற பை இப்பொழுது கிடைத்தால் நான் வாங்கத் தயார்.

இயந்திரம் கொதித்தால் அந்தத் தண்ணீரை எடுத்துக்கொண்டு உடனே மூடியைத் திறக்கப் போகாதீர்கள். நீராவி முகத்தில் பீறிடும். அரை மணி நேரமாவது ஆறவிட வேண்டும்.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது பெட்ரோல் கிடைக்காமல் நம் நாட்டு பஸ்கள் கரிவாயுவில் ஓடின. கூரைமேல் கரி மூட்டையும், பின்னால் அடுப்புமாகப் போன அந்த வண்டிகளுக்கு எதிரே, நாம் இன்று கொண்டுபோகும் ஸாமான்கள் ஒரு பாரமே அல்ல. கூட ஒரு இழுவைக் கயிறு, பாட்டரி கம்பி, வலுவான செருப்பு. ஆம்பூரில் தைக்கும் பாதரட்சைகளைச் சீமைக்காரர்கள் அணிந்து நடக்கிறார்கள். நாமோ ரப்பர் செருப்புடன் காட்டுப் பாதையில் ஜாக்கி சுழற்றுகிறோம்! பாட்டரி கம்பியில் ஒரு ஜாக்கிரதை வேண்டும். சிவப்புக் கம்பியை இரு பாட்டரிகளின் கூட்டல் முனைகளிலும் முதலில் மாட்ட வேண்டும். கறுப்பை நல்ல பாட்டரியின் கழித்தல் முனையில் மாட்டி, அதன் மறு நுனியை நின்ற வண்டியின் பாட்டரியில் அல்ல, தள்ளி இருக்கும் வெற்று இரும்பில் கவ்வவிட வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆம்பூர் வழியாகப் போகிறவர்களிடம் கட்டுச்சோற்றின் பெருமையைப் பேசி யாரும் ஜயித்ததில்லை. புளியோதரை ஒரு டப்பா மட்டும் எப்பொழுதும் ஸீட்டுக்கு அடியில் இருக்கட்டும். குரங்கு திறக்க முடியாத மூடியாக இருக்கட்டும். 2019 முதல் ஒரு முறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் ஸாமான்களுக்குத் தமிழ்நாட்டில் தடை இருப்பதால் மஞ்சள் பை இரண்டும் அவசியம். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033 என்ற எண்ணையும், போலீஸ் முதலிய எல்லாவற்றுக்கும் 112 என்ற எண்ணையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன். சில நூறு ரூபாய் ரொக்கமும் சில்லறையாக உண்டு. காற்று அடித்தவருக்குப் பத்து ரூபாய் கொடுக்க அன்று என்னிடம் நோட்டு இல்லை. கைப்பேசியிலோ உயிர் இல்லை. தாயார்தான் சுருக்குப் பையை அவிழ்த்துக் கொடுத்தார்.

ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு பலகையும் வண்டியில் இருக்கிறது. ஒன்றரை அங்குல கனம், நல்ல தேக்கு. சமையலறையில் மணைகள் ஐந்து இருந்த இடத்தில் நான்கு இருப்பதை தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக்கொள்ள உட்கார்ந்தபோதுதான் வீட்டில் கண்டுபிடித்தார்கள்.