கடற்காற்றை அளப்போர்

திலக் நகரில் வாழும் தமிழ் அன்பர்களுள் நெல்லைச் சீமையினர் பலர். ஊருக்குச் சென்று நாகர்கோவில் வழியே பயணம் செய்கையில், ஆரல்வாய்மொழிக் கணவாயில் சுழலும் காற்றாலைகளை அவர்கள் கண்டிருப்பர். மலையும் மரமும் தடுக்காத கடற்பரப்பில் காற்று இன்னும் வலுவாகவும் சீராகவும் வீசுகிறது. டென்மார்க் நாட்டினர் 1991ஆம் ஆண்டிலேயே கடலில் 11 காற்றாலைகளை நாட்டினர். நாம் ஏன் உடனே நாட்டவில்லை?

காற்றின் ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது. வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்டிக் கணித்துவிட்டால், ஆற்றலை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிகையாக மதித்தவர்களாவோம். கடன் கொடுக்கும் வங்கி இப்பிழையைப் பொறுக்குமா? ஆகவே அளவைப் பணியே முதற்பணி. 2013இல் தனுஷ்கோடியில் சுமார் 100 மீட்டர் உயரமுள்ள அளவைக் கோபுரம் எழுந்தது. 2017இல் காம்பே வளைகுடாவில், கரைக்குச் சுமார் 23 கிலோமீட்டர் தொலைவில், ஒரு மேடைமீது லைடார் என்னும் கருவி அமைக்கப்பட்டது. அது லேசர் ஒளியை வானை நோக்கிச் செலுத்தும். காற்றோடு செல்லும் நுண்துகள்களிற் பட்டுத் திரும்பும் ஒளியின் அதிர்வெண் மாறுபாட்டைக் கொண்டு, பல உயரங்களில் காற்றின் வேகம் அறியப்படும்.

காற்றை அறிந்தால் மட்டும் போதாது. கடலடி சேறா, பாறையா? அலையின் உயரம் என்ன? மீன்வளம் எங்கே? இவ்வறிவு ஓரிடத்தில் இல்லை. தேசிய காற்று ஆற்றல் நிறுவனமும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகமும் சென்னைப் பள்ளிக்கரணையில் ஒரே சாலையில் இருப்பவை. ஆயினும் வெவ்வேறு அமைச்சகங்களைச் சார்ந்தவை. அலைகளை முன்னறிவிப்போர் ஐதராபாத்தில் உள்ளனர். 1947இல் தோன்றி, மண்டபத்தில் இயங்கிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இன்று கொச்சியில் உள்ளது. கடலில் மேடை கட்டும் அனுபவமோ, 1974இல் பம்பாய் ஹையில் எண்ணெய் கண்ட நாள்முதல் மேற்குக் கடலில் வளர்ந்தது. (ஒரே பொருளுக்கு ஒவ்வோர் அலுவலகமும் ஒவ்வொரு சொல்லை ஆள்வதை மொழிபெயர்ப்பாளராகிய நாம் நன்கறிவோம்!)

இவற்றை இணைக்கும் பொறுப்பை, 2015ஆம் ஆண்டின் தேசியக் கொள்கை பள்ளிக்கரணைக் காற்று நிறுவனத்திடம் ஒப்படைத்தது. 2024இல் மத்திய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு இசைவளித்தது; குஜராத், தமிழ்நாட்டுக் கடல்களில் தலா 500 மெகாவாட் என்பது அதன் குறிக்கோள்.

நம் கருத்தில், எந்த நிலையத்தின் ஏட்டிலும் முழுமையாக அடங்காத செய்தி ஒன்றுண்டு. மன்னார் வளைகுடாவில் எந்த மாதத்தில், எந்த நீரில் வலை விரிப்பர் என்பது கரையிலுள்ள மீனவர்க்கே தெரியும். தூண் நாட்டும் இடத்தைக் குறிக்குமுன், அவர்களிடம் தமிழிலேயே கேட்டறிதல் வேண்டும்.