உங்களுக்குத் தெரியுமா? பழைய பிக்கப்புக்கு ஆர்பிஎம் மீட்டர்

1970, 80-களில் அமெரிக்காவில் விற்ற பிக்கப் வண்டிகள் பலவற்றில் வேகம் காட்ட ஒரு முள் உண்டு, பெட்ரோல் காட்ட ஒரு முள் உண்டு. எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் டேக்கோமீட்டர் மட்டும் இருக்காது. வைக்கோல் ஏற்றப் போகிறவருக்கு அது எதற்கு என்று கம்பெனிகள் நினைத்திருக்கும். வேண்டுமென்றால் கூடுதல் காசு. அந்த வண்டிகளை இன்று ஆசையோடு வைத்திருப்பவர்கள் தேடி வாங்கி மாட்டும் சாமான்களில் இதுவும் ஒன்று.

★

நம் மெக்கானிக்குகள் ‘ஆர்பிஎம் மீட்டர்’ என்பார்களே, அதேதான். ‘டாக்கோஸ்’ என்றால் கிரேக்க மொழியில் வேகம். இதயம் படபடவென்று அடித்துக்கொண்டால் டாக்டர் சொல்லும் ‘டேக்கிகார்டியா’வுக்கும் வேர் இதுவே.

★

பெட்ரோல் வண்டியில் இந்த மீட்டர் எஞ்சினைத் தொடுவதே இல்லை. அது எண்ணுவது பொறிகளை. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயின்ட் மூடியிருக்கும்போது காயிலில் கரண்ட் ஓடும். திறந்த கணத்தில் கரண்ட் அறுந்து பிளக்கில் பொறி தெறிக்கும். அதே கணத்தில் காயிலின் நெகட்டிவ் முனையிலும் சில நூறு வோல்ட் துள்ளி அடங்கும். அந்தத் துள்ளலைத்தான் மீட்டர் கணக்கெடுக்கிறது. பாசிட்டிவ் முனையில் இந்தத் துள்ளல் கிடைக்காது. வயரை அங்கே மாட்டிவிட்டு, முள் அசையவில்லை, மீட்டரே கோளாறு என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

★

ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு சிலிண்டருக்கு இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி. ஆக 4 சிலிண்டரில் சுற்றுக்கு 2, ஆறில் 3, வி8-ல் 4. வி8 எஞ்சின் 3,000 ஆர்பிஎம்மில் ஓடினால் விநாடிக்கு 200 பொறி! எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கும் மீட்டர்களில் 4, 6, 8 என்று சிலிண்டரைத் தேர்ந்தெடுக்க ஒரு வசதி இருக்கும். வி8 வண்டியில் அதை நாலில் வைத்துவிட்டால், 700-ல் ஐட்லிங் ஆகும் எஞ்சினை 1,400 என்று காட்டி வயிற்றைக் கலக்கும்.

★

1989-ல் வந்த ஃபோர்டு ரேஞ்சரின் 2.3 லிட்டர் எஞ்சினுக்குச் சிலிண்டர் 4, பிளக் 8. பிளக்கை எண்ணிக் கணக்குப் போடுகிறவர்கள் ஜாக்கிரதை.

★

மாட்டுவதற்கு நாலே வயர். பல பிராண்டுகளில் நிறமும் ஒன்றுதான்: சிவப்பு, சாவி போட்டால் மட்டும் 12 வோல்ட் வரும் இடத்துக்கு, கறுப்பு, எர்த்துக்கு, வெள்ளை, டேஷ்போர்டு விளக்குக்கு, பச்சை, காயில் நெகட்டிவுக்கு. இதில் கவனம் முழுக்கப் பச்சையின் மேல் இருக்க வேண்டும். எஞ்சின் அறைக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகட்டைத் துளைத்துத்தான் அது உள்ளே வரும். துளையில் ரப்பர் வளையம் போடாமல் விட்டால், வண்டியின் அதிர்வில் தகட்டு விளிம்பு வயரின் தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். சிவப்பு வயர் பாடியில் பட்டால் ஃப்யூஸ் போகும், அவ்வளவுதான். பச்சை பட்டால் காயில் நெகட்டிவ் நிரந்தரமாக எர்த் ஆகிவிடும். பாயின்ட் திறந்தாலும் கரண்ட் அறுபடாது, பொறி வராது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். பெட்ரோல் பம்ப், கார்புரேட்டர் என்று எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தாலும் காரணம் கிடைக்காது. சில ரூபாய் ரப்பருக்குக் கஞ்சத்தனம் பார்த்ததன் பலன்!

★

1975 முதல் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் வந்த ‘எச்இஐ’ டிஸ்ட்ரிபியூட்டரில் காயில் மூடியின் தலையிலேயே உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் ‘டேக்’ என்று பெயர் பொறித்த முனை தயாராக இருக்கும். பழைய செவ்ரோலே பிக்கப் வைத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

★

பாயின்ட்டை எடுத்துவிட்டு சிடிஐ வகை இக்னிஷன் பெட்டி மாட்டிய வண்டியா? பச்சை வயரைக் காயில் பக்கமே கொண்டுபோகக் கூடாது. அங்கே பாயும் வோல்டேஜ் மீட்டரைத் தீர்த்துக் கட்டிவிடும். பெட்டியிலேயே மீட்டருக்கென்று தனி முனை இருக்கும்.

★

ஃபோர்டு 1965 முதல் 1996 வரை தயாரித்த 300 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின், பிக்கப் பிரியர்களுக்குக் குலதெய்வம் மாதிரி. அதன் கடைசிக் காலத்து ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வகையில், உச்ச இழுவை சுமார் 2,000 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடும். உச்சக் குதிரைத்திறன் 3,400-ல். அதற்கு மேல் மிதித்தால் சத்தம்தான் மிச்சம். இந்த வண்டிக்கு 10,000 வரை எண் போட்ட ரேஸ் மீட்டரை வாங்கினால் முள் ஆயுள் முழுக்க முதல் மூன்றில் ஒரு பங்கிலேயே நொண்டிக்கொண்டிருக்கும். பெரிய முகம், சிவப்பு விளக்கு என்று மயங்காமல் 6,000 வரை உள்ளதை வாங்குவதே புத்தி.

★

மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பேப்பரிலேயே சரிபார்க்கலாம். மணிக்கு எத்தனை மைல் என்பதைப் பின் ஆக்சில் விகிதத்தால் பெருக்கி, 336-ஆல் பெருக்கி, டயரின் உயரத்தால் (அங்குலத்தில்) வகுக்க வேண்டும். 60 மைல், 3.73 ஆக்சில், 29 அங்குல டயர் என்றால் விடை ஏறக்குறைய 2,590. ஓவர்டிரைவ் இல்லாத, நேரடி டாப் கியருக்கு மட்டுமே இந்தக் கணக்கு.

★

1974 வரை செவ்ரோலே கார்வெட் காரின் டேக்கோமீட்டர் வயரால் ஓடவில்லை. ஸ்பீடோமீட்டருக்குப் போவது போல ஒரு கேபிள் டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து போய் அதைச் சுழற்றியது.

★

1967-ல் பான்டியாக் கம்பெனி இந்த மீட்டரைப் பானெட்டின் மேலேயே வைத்து விற்றது. ஓட்டுபவர் கண்ணைத் தாழ்த்தாமல் பார்க்கலாம். மழையும் வெயிலும் மீட்டர் பாடு.

★

அமெரிக்காவில் 80-களின் டொயோட்டா பிக்கப்பில் சாதா மாடலுக்கு டேக்கோமீட்டர் இல்லை, எஸ்ஆர்5 மாடலுக்கு உண்டு. அதனால் பழைய வண்டி உடைக்கும் யார்டுகளில் எஸ்ஆர்5-இன் டேஷ்போர்டு மீட்டர் செட்டுக்கு நல்ல கிராக்கி. என்னைக் கேட்டால் ஸ்டியரிங் மேல் கிளிப் போட்டுக் கட்டும் மீட்டரைவிட இதுதான் கண்ணுக்கு அழகு. ஆனால் கூடவே அடுத்த வண்டியின் ஓடோமீட்டரும் வந்து சேரும். அதைத் தன் வண்டியின் பழைய எண்ணுக்கே திருப்பி வைக்க முடியாவிட்டால், பூஜ்ஜியத்தில் வைத்து, பழைய மைல் கணக்கையும் மாற்றிய தேதியையும் எழுதி இடது கதவுச் சட்டத்தில் ஒட்ட வேண்டும் என்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம்.

★

நம் ஊர்ப் பிக்கப்புகள் பெரும்பாலும் டீசல். டீசலில் பிளக் பொறி கிடையாது. அப்புறம் எதை எண்ணுவது? ஆல்டர்னேட்டரில் ‘டபிள்யூ’ என்று ஒரு முனை இருந்தால் அதிலிருந்து சிக்னல் எடுக்கலாம். ஆல்டர்னேட்டர் புல்லி சிறியது, எஞ்சினைவிட வேகமாகச் சுற்றும். எத்தனை மடங்கு என்பது வண்டிக்கு வண்டி மாறும். அதனால் கிராங்க் புல்லியில் மின்னும் டேப் ஒட்டி, கையடக்க லேசர் மீட்டரால் அளந்து, அதற்கேற்ப டேஷ்போர்டு மீட்டரைத் திருத்தி வைக்க வேண்டும். பெல்ட் தளர்ந்து வழுக்கினால் முள்ளும் பொய் சொல்லும்.

★

சாவியை எடுத்த பிறகும் சில மீட்டர்களில் முள் பூஜ்ஜியத்துக்கு இறங்காமல் 500-லோ 800-லோ நின்றுவிடும். பயப்பட வேண்டாம். ஏர்-கோர் வகை மீட்டர்களில் முள்ளைத் திருப்பி இழுக்க ஸ்பிரிங் இருக்காது. மறுபடி சாவி போட்டதும் தானாகச் சரியாகிவிடும்.