எடுத்த பணம் பென்ஷனைக் கடிக்கும்

தேசிய பென்ஷன் திட்டமான என்.பி.எஸ்ஸிலேயே இருப்பதா, ஒருங்கிணைந்த பென்ஷன் திட்டமான யூ.பி.எஸ்ஸுக்கு மாறுவதா என்று மத்திய அரசு ஊழியர்கள் 2025 நவம்பர் 30-க்குள் முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஜூன், செப்டம்பர் என இரண்டு முறை தள்ளிப்போன கெடு இது.

வாசகர் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி: யூ.பி.எஸ்ஸில் கடைசி 12 மாத அடிப்படைச் சம்பளச் சராசரியில் பாதி பென்ஷனாக உறுதி என்கிறார்களே, நடுவில் அவசரத்துக்குப் பணம் எடுத்தாலுமா?

எடுத்தால் உறுதியும் சுருங்கும். ஒவ்வோர் ஊழியருக்கும் இரண்டு கணக்குகள் ஓடும். சம்பளத்தில் அவருடைய 10 சதவீதமும் அரசின் 10 சதவீதமும் சேர்வது நிஜக் கணக்கு. மற்றது 'பெஞ்ச்மார்க் கார்பஸ்' என்னும் கற்பனைக் கணக்கு: ஒரு தவணையும் தவறாமல், ஒரு பைசாவும் எடுக்காமல், அரசு வகுத்த முதலீட்டு முறையிலேயே போயிருந்தால் எவ்வளவு தேறியிருக்கும் என்பது. ஓய்வின்போது நிஜக் கணக்கு கற்பனைக் கணக்கைவிட எத்தனை சதவீதம் குறைகிறதோ, பென்ஷனும் அத்தனை சதவீதம் குறையும்.

25 ஆண்டு சர்வீஸ், சராசரி அடிப்படைச் சம்பளம் 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பென்ஷன் 30,000 வர வேண்டும். கற்பனைக் கணக்கில் 80 லட்சம், நிஜத்தில் 72 லட்சம் என்றால் கிடைப்பது 27,000. அகவிலை நிவாரணமும் அதன் மேல்தான். பின்னாளில் மனைவிக்கு வரும் 60 சதவீதமும் 18,000 அல்ல, 16,200. இதற்கு 8 லட்சம் எடுத்திருக்க வேண்டும் என்பதில்லை. பல வருஷம் முன்பு மகள் கல்யாணத்துக்கு எடுத்த சிறு தொகை ஈட்டியிருக்க வேண்டிய லாபமும் பற்றாக்குறையில் சேரும்.

ஓய்வுக்கு முன் பணம் கட்டி ஈடு செய்யலாம் என்கிறது விதி. அந்த நேரத்தில் யார் கையில் அவ்வளவு இருக்கும்? பொதுத் தொகுப்புக்கு அரசு தனியாகத் தரும் 8.5 சதவீதமும் இந்தப் பள்ளத்தை நிரப்ப வராது. கொட்டை எழுத்தில் சொல்லப்படும் 10,000 ரூபாய் குறைந்தபட்ச பென்ஷனுக்கும், 10 ஆண்டு சர்வீஸோடு, பணம் எடுத்திருக்கக் கூடாது என்ற நிபந்தனை உண்டு.

2004-க்கு முன் சேர்ந்தவர்கள் சேமநல நிதியான ஜி.பி.எஃப்-இல் பணம் எடுத்துக் கல்யாணம் முடித்தார்கள், பென்ஷன் அசையவில்லை. யூ.பி.எஸ்ஸுக்குப் போகிறவர்கள் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் கல்யாணத்துக்கும் ஆர்.டி., எஃப்.டி. என்று தனியாகச் சேர்ப்பதே நல்லது.

மற்ற கேள்விகள்:

நிஜக் கணக்கில் கூடுதலாகச் சேர்ந்தால்? உபரி உங்களுக்கே.

ஓய்வின்போது கணக்கில் 60 சதவீதத்தை மொத்தமாக எடுத்தால்? பென்ஷனில் 40 சதவீதம்தான் மிஞ்சும்.

ராஜினாமா செய்தால்? உறுதி பென்ஷன் கிடையாது.

எதுவும் எழுதிக் கொடுக்காவிட்டால்? என்.பி.எஸ்தான்.

மாறியபின் திரும்பலாமா? ஒரே முறை, அதுவும் ஓய்வு வயதுக்கு ஒரு வருஷம் முன்பாகவே.