உயிரணுவின் அளவும் வடிவும்

கருநாடக எல்லையை அடுத்த ஓசூரில் தொழிற்சாலைகள் மலிந்துள்ளன. அதன் தென்கிழக்கே உள்ள இராயக்கோட்டைப் பகுதியிலோ தக்காளி பயிரிடுவோர் மிகப் பலர். நாற்றங்காலிலிருந்து நாற்றை வெடுக்கெனப் பிடுங்கி நட்டால், நிலம் ஈரமாயிருப்பினும் அது தலை சாய்ந்து வாடும். அருகிலுள்ள நீர் அதற்குக் கிட்டாமற் போவது ஏன்?

குவளை நீரில் இட்ட மைத்துளி எங்கும் விரிவதைப் பரவல் என்பர். செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்திற்குப் பொருள் செல்வதே அது. செர்மானிய அறிஞர் அடால்ப் பிக் 1855இல் இதற்கு விதி வகுத்தார். பரவல் குறுந்தொலைவில் விரையும், நெடுந்தொலைவில் தளரும். தொலைவு பத்து மடங்கானால், நேரம் நூறு மடங்காகும்.

உயிரணுவுக்கு வேண்டிய உணவும் உயிர்வளியும் அதன் மேற்பரப்பின் வழியே புகுகின்றன. அவற்றைச் செலவிடுவது உட்பகுதி. பக்கம் 1 செ.மீ. உள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர செ.மீ.; பருமன் 1 கன செ.மீ. பக்கம் 2 செ.மீ. ஆயின், மேற்பரப்பு 24, பருமன் 8. வாயில் நான்கு மடங்கே பெருக, உண்போர் எட்டு மடங்காயினர்! முழு மாங்காயைவிட நறுக்கிய மாங்காயில் உப்பு விரைந்து ஏறுவதும் இக்கணக்கினால்தான். உயிரணுக்கள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அளவில் இருப்பதன் காரணமும் இதில் அடங்கும்.

கோழிமுட்டையின் மஞ்சட்கரு ஒரே உயிரணு அன்றோ எனலாம். உண்மையே; ஆனால் அதில் பெரும்பகுதி சேமித்த உணவு. உயிர்ப்புள்ள பகுதி, மேலே தோன்றும் சிறு வெண்புள்ளியே.

அளவைப் போலவே வடிவும் உதவுகிறது. ஏறத்தாழ 7 அல்லது 8 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள மனிதக் குருதிச் சிவப்பணு, இருபுறமும் குழிந்த தட்டுப் போன்றது. ஆதலின் அதன் எப்பகுதியும் மேற்பரப்பிற்கு அணித்தே உள்ளது.

வேரோ வேறு வழியைக் கண்டது. அதன் புறத்தோல் உயிரணுக்கள் பல, மெல்லிய குழல்களாக மண்ணுள் நீள்கின்றன. இவையே வேர்த்தூவிகள். இவற்றின் சவ்வின் வழியே நீர் ஊடுபரவி உட்செல்கிறது. டிட்மர் என்னும் அமெரிக்க அறிஞர் 1937இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே கம்புப்புல் செடியில் ஏறத்தாழ 1,400 கோடி தூவிகள் இருந்ததாகக் கணக்கிட்டார். இக்கம்புப்புல் நம் நாட்டுக் கம்பு அன்று. குளிர்நாடுகளில் விளையும் வேறொரு தானியம்.

நாற்றைப் பிடுங்குகையில் அறுபடுவன இத்தூவிகளே. இலைகள் நீரை ஆவியாக்குவதை நிறுத்துவதில்லை. நீர் புகும் பரப்போ சுருங்கிவிடுகிறது. ஆதலாற்றான் இக்காலத்து நாற்றுப் பண்ணைகளில், தென்னை நார்க்கழிவு நிரப்பிய குழித்தட்டுகளில் நாற்றை வளர்த்து, வேர்க்கட்டுக் கலையாமல் எடுத்து நடுகின்றனர். நாற்றங்கால் நாற்றாயின், முதலில் நீர் பாய்ச்சி மண்ணை இளக்கி மெல்லப் பெயர்த்து, வெயில் தணிந்த மாலையில் நடுவர். புதிய தூவிகள் தோன்றும்வரை அந்நாற்றுக்குக் குளிர்ந்த இரவு துணை நிற்கும்.